வயல் வேலைக்கு மலிவான பட்டன் போன்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பாவிப்பது

கொக்கட்டிச்சோலையில் இரண்டு உழவு இயந்திரங்களை வாடகைக்கு ஓட்டும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பெரும்போக வேலை தொடங்குமுன் உங்களுக்கும் உங்களிடம் வேலை செய்யும் மூவருக்கும், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல், வயலில் தாங்கக்கூடிய பட்டன் போன் வாங்க வேண்டும். இருக்கும் ஸ்மார்ட் போனில் பிற்பகலுக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. சேற்றில் விழுந்து திரையும் வெடித்துவிட்டது. 2ஜி போன் போதுமா, 4ஜி வேண்டுமா, வட்ஸ்அப் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது, வாழைச்சேனையிலிருந்து கடலுக்குப் போகும் தம்பிக்கும் அதையே வாங்கிக் கொடுக்கலாமா என்பவை மற்றக் கேள்விகள். கையடக்கத் தொலைபேசி திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில், கடைக்காரர் வழக்கமாகச் சொல்லாத சிலவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வாங்கும் போனின் தரத்தைக் கடை மேசையில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. உங்களைத் தேடி வரும் அழைப்பு நீங்கள் வேலை செய்யும் இடத்தில், வேலை நடக்கும் நேரத்தில், உங்கள் காதுக்கு வந்து சேருகிறதா என்பதே அதன் தரம். கமரா, பாட்டு, நிறம், பெட்டியில் அச்சிட்ட இலக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே கடைக்குப் போகுமுன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உன்னிச்சைப் பக்கம், புளுகுணாவைப் பக்கம் என்று நீங்கள் வழக்கமாக உழவுக்குப் போகும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நின்று, எந்த நிறுவனத்தின் சிம் அங்கே தடையின்றிப் பேசுகிறது என்று பார்த்து வையுங்கள். மட்டக்களப்புக் களப்பின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் பிரதான வீதியை ஒட்டிக் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் எந்த சிம்மும் ஓரளவு பேசும். மேற்குக் கரையான படுவான்கரையின் உட்பகுதியில் அப்படியல்ல. நிலம் சமதரையாக இருப்பது அலைக்கு நல்லதுதான், ஆனால் கோபுரங்களுக்கிடையே தூரம் அதிகம். ஒரு வரம்பில் நின்றால் மூன்று கோடு காட்டும் சிம், மரத்தடி வாடிக்குள் போனதும் ஒன்றுமில்லாமல் போகும். நல்ல போனை வாங்கிவிட்டுப் பொருந்தாத சிம்மைப் போட்டுக்கொண்டு போனைத் திட்டுவோரே என் கடைக்கு அதிகம் வருகிறார்கள்.

இனி 2ஜியா 4ஜியா என்ற கேள்வி. இதில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இலங்கையில் 2ஜி சேவை 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் வளர்ந்தது. 900 தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். அதனால்தான் இணையம் அசையாத இடத்திலும் பழைய போனில் பேச முடிந்தது. ஆனால் உலகெங்கும் நிறுவனங்கள் பழைய தலைமுறைச் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அந்த அலைவரிசைகளை 4ஜிக்கும் 5ஜிக்கும் மாற்றி வருகின்றன. இன்று வாங்கும் போன் நாலைந்து வருடமாவது பேச வேண்டும் என்றால், விலை வித்தியாசம் உங்கள் கைக்கு அடங்கும்வரை 4ஜி பட்டன் போனையே வாங்குங்கள் என்பேன். வேலையாட்களுக்கு வாங்குவது ஒரு போகத்துக்கோ இரண்டு போகத்துக்கோ என்றால், உங்கள் வட்டைகளில் 2ஜி நன்றாக இருக்கும் பட்சத்தில் 2ஜி போன் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பெட்டியில் 4ஜி என்று எழுதியிருந்தாலே 4ஜியில் பேசும் என்று பொருளாகாது. 4ஜி வலையமைப்பு அடிப்படையில் தரவுக்காக அமைக்கப்பட்டது. அதில் குரல் போக வேண்டுமானால் வோல்ட்டி என்னும் வசதி போனிலும் இருக்க வேண்டும், சிம்மிலும் இயங்க வேண்டும், அந்த மாதிரிப் போனை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், அழைப்பு வந்தவுடன் போன் பழைய சேவைக்கு இறங்கிவிடும். பழைய சேவை இல்லாத இடத்தில் அழைப்பே வராது. இதைச் சோதிப்பது எளிது. உங்கள் சிம்மைப் போட்டு, திரையின் மேல் 4ஜி அடையாளம் தெரியும்போது ஓர் அழைப்பு எடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்த அடையாளம் அப்படியே நின்றால் வோல்ட்டி வேலை செய்கிறது; அது மறைந்து 2ஜி அடையாளம் வந்தால், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசு குரலுக்கு உதவவில்லை. சிம்மைப் போட்டுப் பார்க்க இடம்தராத கடையில் வாங்காதீர்கள்.

மாதிரியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதும் ஏமாற்றும். எடுத்துக்காட்டாக, நொக்கியா 105 என்ற பெயரில் 2013 இல் முதல் போன் வந்தது. அதன்பின் 2015, 2017, 2019, 2022, 2023 என்று அதே பெயரில் வேறு வேறு போன்கள் வந்தன. இவற்றில் பலவும் 2ஜி மட்டும். 2021 இல் வந்த ஒன்றும் 2023 இல் வந்த ஒன்றும் 4ஜி. பற்றரியின் கொள்ளளவும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ‘105 தாருங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் அலுமாரியில் தேங்கிக் கிடப்பதை எடுத்துத் தருவார். அது அவர் பிழையும் அல்ல. பெட்டியின் பக்கவாட்டு ஒட்டுத்தாளில் எந்தத் தலைமுறை, ஒரு சிம்மா இரண்டா, பற்றரி எவ்வளவு என்று எழுதியிருப்பதைக் கண்ணால் வாசியுங்கள்.

போலிப் போன்கள் நம் சந்தையில் உண்டு. கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. *#06# என்று அழுத்தினால் போனை அடையாளம் காட்டும், 15 இலக்கம் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு வரும். அது பெட்டியில் உள்ளதோடும், பற்றரியைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருப்பதோடும் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஐ, எம், ஈ, ஐ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த இலக்கத்தையும் எழுதி 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் பதிவானதா என்ற பதில் வரும். பதிவில்லாத கருவிகளை வலையமைப்புகளில் இணைக்க விடுவதில்லை என்று ஆணைக்குழு 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்ததிலிருந்து இந்தச் சோதனை முன்னைவிட முக்கியமாகிவிட்டது. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் அந்த இலக்கமும் எழுதப்பட வேண்டும். நான்கு போன்களின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கங்களையும் வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அவையே முதலில் வேண்டும்.

பெயர் தெரியாத, மிக மலிவான போன்களில் இன்னொரு தொல்லை உண்டு. சிலவற்றில் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்ட மென்பொருள், உரிமையாளருக்குத் தெரியாமல் குறுஞ்செய்தி அனுப்பிக் காசைக் கரைக்கும். 2021 இல் ரஷ்யச் சந்தையில் விற்ற பட்டன் போன்களைச் சோதித்தபோது இத்தகையவை அகப்பட்டன. புதிய போனில் சிம்மைப் போட்ட இரவு மீதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, யாருக்கும் அழைக்காமல் வைத்து, காலையில் மறுபடி பாருங்கள். மாதக் கட்டணம், கட்டணச் சேவை எதுவும் இல்லாமலே மீதி குறைந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

பற்றரிக்கு வருவோம். சாதாரண பட்டன் போனில் 800 முதல் 1450 மில்லியம்பியர் மணி வரையான பற்றரி இருக்கும். ஸ்மார்ட் போனின் 5000 உடன் ஒப்பிட்டால் இது அற்பம். ஆனாலும் சிறிய திரையும் இணையம் தேடாத தன்மையும் சேர்ந்து அதை நாலைந்து நாளுக்கு இழுத்துச் செல்லும். இங்கே பெட்டியில் எழுதிய காத்திருப்பு நாட்களை நம்ப வேண்டாம். அவை சிக்னல் நன்றாக உள்ள இடத்தில், ஒரு சிம்மோடு, அழைப்பே இல்லாமல் அளந்தவை. கோபுரம் தொலைவில் இருந்தால் போன் தன் அலைபரப்பு வலுவைக் கூட்டிக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கும். 900 அலைவரிசையில் 2ஜி போன் உச்சமாக 2 வாட் வரை வெளியிடும். கோபுரம் அருகில் இருந்தால் அதில் சிறு பங்கே போதும். ஆகவே மட்டக்களப்பு நகரில் ஐந்து நாள் நின்ற அதே பற்றரி உன்னிச்சைக் காட்டோரத்தில் இரண்டு நாளில் இறங்கினால், போன் பழுதென்று ஓடி வராதீர்கள். இரண்டாவது சிம் சிக்னலே இல்லாமல் வெறுமனே தேடிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். உடனே வித்தியாசம் தெரியும்.

கழற்றக்கூடிய பற்றரி உள்ள போனையே கேட்டு வாங்குங்கள். நொக்கியாவின் பழைய பீ.எல்.5சீ அளவுப் பற்றரி பலவகைப் போன்களுக்குப் பொருந்துவதால் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தத் தீப்பெட்டி அளவுக்குள் அடங்குவது 1000 சொச்சம்தான். அதே அளவில் 3000 என்று ஒட்டுத்தாள் அடித்து விற்பது பச்சைப் பொய். நல்ல நிறுவனத்தின் பற்றரியிலும் குறை வருவதுண்டு: 2007 இல் நொக்கியாவே, சூடேறும் அபாயம் காரணமாக, வேறொரு நிறுவனம் தனக்குச் செய்து கொடுத்த பீ.எல்.5சீ பற்றரிகளில் 4 கோடி 60 இலட்சத்தை மாற்றித் தருவதாக அறிவித்தது. பற்றரி வீங்கியிருக்கிறதா என்று அறிய, அதை மேசையில் தட்டையாக வைத்து ஒரு மூலையைத் தட்டுங்கள்; பம்பரம்போலச் சுழன்றால் அது வீங்கிவிட்டது, உடனே மாற்றுங்கள். உழவு இயந்திரத்தின் 12 வோல்ட் பற்றரியிலிருந்து வயர் இழுத்து நேரடியாகச் சார்ஜ் போடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அது போனையும் கெடுக்கும், சிலவேளை ஆளையும் சுடும். 5 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் வாகனச் சார்ஜர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால், அந்த நேரத்தில் போனைக் கழற்றி வையுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உழவு இயந்திரத்தில் இருப்பவருக்கு எந்த மணியோசையும் கேட்காது, அதிர்வுதான் உதவும். மலிவான போன்களில் சிலவற்றில் அதிர்வு மோட்டாரே இருப்பதில்லை, இருந்தாலும் பலமில்லாமல் இருக்கும். கடையில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட வந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். காதுச் சத்தத்தை வீதியோரம் நின்று, பஸ் போகும் நேரத்தில் சோதியுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வேலையாளுக்கு வாங்குவதானால் தமிழ் மெனு இருக்கிறதா என்றும் பாருங்கள். கமராவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்த விலையில் வரும் கமராவால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

தண்ணீருக்கு வருவோம். பெட்டியில் ஐபி52 என்று இருந்தால், தூசிக்கும் மேலிருந்து விழும் துளிக்கும் ஓரளவு தாங்கும் என்பதே பொருள். வாய்க்காலில் விழுந்தால் தாங்காது. போனைச் சாரத்தின் மடிப்பில் செருகுவதும் நல்லதல்ல, ஏனெனில் வியர்வையின் உப்பு சார்ஜ் வாயிலைப் பச்சை படிய வைத்துவிடும். நான் திருத்தும் போன்களில் கணிசமானவை இதனால் வருபவை. நன்னீரில் விழுந்தால் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் முதலில் பற்றரியையும் சிம்மையும் கழற்றி, நீரை உதறி, நிழலில் காற்றோட்டமாக ஓரிரு நாள் காய விடுங்கள். களப்பிலோ கடலிலோ விழுந்தால் பற்றரியைக் கழற்றியபின் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டுத்தான் காய விட வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் காய்ந்த பிறகும் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் காற்றில் காய்வதைவிட விரைவாக எதுவும் நடப்பதில்லை. அரிசித் தூள் சார்ஜ் வாயிலில் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். நெல் விளையும் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

சிம்மின் அளவிலும் கவனம் வேண்டும். ஸ்மார்ட் போனிலிருந்து கழற்றும் சிம் மிகச் சிறியது. பட்டன் போன்களில் பல பெரிய சிம்மைக் கேட்கும். இடையில் பிளாஸ்ரிக் சட்டம் வைத்துப் பொருத்தலாம் என்றாலும், வெறும் சட்டத்தை இழுக்கும்போது உள்ளே உள்ள பின்கள் வளைந்து, திருத்தச் செலவு போனின் விலைக்கே நெருங்கிவிடும். சிம்மைச் சட்டத்தில் வைத்து மேலே மெல்லிய ஒட்டுநாடா ஒட்டி, ஒருமுறை போட்டால் எடுக்காமல் விடுங்கள். இல்லையேல் அடையாள அட்டையோடு சென்று முழு அளவுச் சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தொலைபேசி இலக்கங்களைச் சேமிக்கும்போது சிம்மில் ஒரு பிரதி இருக்கட்டும். பெரும்பாலான சிம்களில் 250 பெயர் வரை அடங்கும். போன் உடைந்தாலும் அவை தப்பும். ஆனால் சிம்மில் பெயருக்கு ஒதுக்கிய இடம் சிறியது, தமிழில் எழுதினால் ஐந்தாறு எழுத்தோடு வெட்டுப்பட்டுவிடும் என்பதால் சுருக்கமாக எழுதுங்கள். குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 மட்டும். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘நாளை காலை ஆறு மணிக்கு வரவும்’ என்பது இடைவெளிகளோடு 28 இடத்தைப் பிடிக்கும். ஆகவே தமிழில் நீளமாக எழுதினால் ஒரு செய்தி இரண்டு மூன்று செய்தியாகப் பிரிந்து, அத்தனைக்கும் காசு போகும். வேலையாட்களுக்கு இடமும் நேரமும் மட்டும் ஒரு வரியில் அனுப்பினால் 70க்குள் அடங்கிவிடும்.

வட்ஸ்அப்பைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன்: பட்டன் போனில் வட்ஸ்அப் தேடாதீர்கள். காய் ஓஎஸ் என்னும் மென்பொருள் கொண்ட போன்களில் 2019 முதல் அது கிடைத்தது உண்மைதான். ஆனால் 2024 இல் புதிதாக இறக்குவது நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய இருப்பை ‘வட்ஸ்அப் போன்’ என்று இன்னும் விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஸ்மார்ட் போனை விற்காமல், வெடித்த திரையை மாற்றி வீட்டிலேயே வையுங்கள். உங்கள் இலக்கத்தின் சிம் வயலில் பட்டன் போனுக்குள் இருந்தாலும், வட்ஸ்அப் அந்த இலக்கத்தில் வீட்டுப் போனில் ஓடும். பதிவு செய்யும்போது வரும் குறியீட்டு இலக்கம் மட்டும் பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து வீட்டுப் போனில் தட்டினால் போதும். வீட்டுப் போனுக்கு வேறொரு தரவு சிம் போதுமானது. நெல் வியாபாரி அனுப்பும் விலையையும், காணிக்காரர் அனுப்பும் வரைபடத்தையும் இரவில் வீட்டில் பார்க்கலாம், அவசரமானவர் அழைப்பார்.

சிம்மை மாற்றாமலே இன்னொரு வழியும் உண்டு. ஸ்மார்ட் போனின் சார்ஜ் இறங்கும்போது, அல்லது அதற்கு சிக்னல் இல்லாதபோது, வரும் அழைப்புகள் தானாகப் பட்டன் போனுக்குப் போகும்படி செய்யலாம். ஸ்மார்ட் போனில் **62* என்று அழுத்தி, பட்டன் போனின் இலக்கத்தை எழுதி, # போட்டு அழையுங்கள். எட்ட முடியாத நேரத்தில் மட்டும் அழைப்பு அங்கே திரும்பும். ##62# அதை நீக்கும். எல்லாத் திருப்பல்களையும் ஒரேயடியாக நீக்க ##002#. திருப்பிய அழைப்புக்கான கட்டணம் உங்கள் கணக்கில்தான் விழும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு சிம் போன் வைத்திருப்பவருக்கும் இது உதவும்: அத்தகைய மலிவான போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்றது செயலற்றுப் போகும், ஒவ்வொரு இலக்கத்தையும் மற்றதற்குத் திருப்பி, *43# அழுத்திக் காத்திருப்பு வசதியையும் இயக்கிவிட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஆள் அழைப்பது தெரியும். இதே எண்களை யாரோ ஒருவர், ‘பரிசு விழுந்திருக்கிறது, இதை அழுத்துங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னால் அழுத்தாதீர்கள். அவர் தன் இலக்கத்துக்கு உங்கள் அழைப்புகளைத் திருப்பிக்கொள்ளத்தான் கேட்கிறார்.

காசு விடயத்தில் பட்டன் போன் நினைப்பதுபோல் ஊமையல்ல. வங்கியின் வரவு செலவுச் செய்திகளும் ஒருமுறைக் கடவு இலக்கமும் சாதாரண குறுஞ்செய்தியாகவே வருகின்றன. டயலொக் 2012 இல் தொடங்கிய ஈசி காஷ் #111# மூலம் எந்தப் போனிலும் இயங்கும். கியூ.ஆர். மட்டும் முடியாது, ஆனால் அதற்கும் வழி இருக்கிறது: 2022 இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்தபோது, அதை அச்சடித்து லெமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே பலர் டீசல் அடித்தார்கள். அதே 2022 இன் மின்வெட்டுக் காலம் இன்னொன்றையும் காட்டியது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, கோபுரங்களின் மாற்றுப் பற்றரிகளும் இறங்கின. கையில் முழு சார்ஜோடு போன் இருந்தும் சிக்னல் இல்லை. உங்களுடைய போனிலாவது இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் இருப்பது அதனால் நல்லது. இரண்டு நிறுவனம் என்று நினைத்து ஒன்றையே வாங்கிவிடவும் வேண்டாம்: எடிசலாட் 2018 இல் ஹட்ச்சோடு சேர்ந்தது, எயார்டெல் 2024 இல் டயலொக்கிடம் போனது, முன் இலக்கம் வேறாக இருப்பதால் நிறுவனம் வேறு என்று ஆகாது.

வேலையாட்களின் போன்களில் நீங்களே உட்கார்ந்து சில வேலைகளைச் செய்து கொடுக்க வேண்டும். 2 முதல் 9 வரையான பொத்தான்களில் ஒவ்வோர் இலக்கத்தைப் பதிந்தால், அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே அழைப்புப் போகும்: 2 இல் உங்களை, 3 இல் இயந்திரம் திருத்துபவரை, 4 இல் அவர்களுடைய வீட்டை வையுங்கள். 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1920 விவசாய ஆலோசனை ஆகியவற்றைப் பெயரோடு சேமியுங்கள். யானை வரும் வட்டைகளில் இரவு காவலிருப்பவர்களுக்குப் பக்கத்து வனசீவராசிகள் அலுவலகத்தின் இலக்கமும் கிராம உத்தியோகத்தரின் இலக்கமும் அவசியம். போனில் உள்ள ரோச் வெளிச்சத்தை அந்தக் காவலுக்கு நம்ப வேண்டாம். அது கால் வைக்கும் இடத்தைக் காட்டும், யானையைக் காட்டாது, பற்றரியையும் தின்னும். தனியாக ஒரு ரோச் வாங்கிக் கொடுங்கள்.

சிம் யாருடைய பெயரில் என்பதைக் கடைசிக்கு விடக்கூடாது. நான்கு சிம்மையும் உங்கள் அடையாள அட்டையில் எடுத்துக் கொடுப்பது எளிதாகத் தெரியும். ஆனால் போகம் முடிந்து ஆள் விலகிப் போன பின், அந்த இலக்கத்தில் நடக்கும் எதற்கும் பொலிஸ் முதலில் தேடுவது உங்களைத்தான். போன் உங்களுடையதாக இருக்கட்டும், சிம் அவரவர் பெயரில் இருக்கட்டும். சிம்மை இரகசிய இலக்கத்தால் (PIN) பூட்டினால், மூன்று முறை பிழையாக அடித்ததும் அந்தப் பூட்டைத் திறக்கும் பக் (PUK) இலக்கத்தைக் கேட்கும். அதையும் பத்து முறை பிழையாக அடித்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். அந்த பக் இலக்கம் அச்சிட்டிருக்கும், சிம் வந்த அட்டையை வீசாமல் வைப்பது இதற்காகத்தான்.

தம்பியின் விடயத்தில் மட்டும் உங்கள் யோசனையோடு முழுமையாக உடன்பட மாட்டேன். களப்பில் தோணியில் மீன் பிடிப்பவருக்கு இந்தப் போன் தாராளமாகப் போதும். கடலில், 2ஜி முறையின் அமைப்பே சாதாரணமாகக் கோபுரத்திலிருந்து 35 கிலோமீற்றருக்கு அப்பால் பேச விடாது. போனின் சிறு அன்டெனாவும், படகில் ஆள் இருக்கும் தாழ்ந்த உயரமும், அலையின் ஆட்டமும் சேர்ந்தால் அதற்கு வெகு முன்பே சிக்னல் அறுந்துவிடும். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வலை போட்டு அன்றே திரும்புபவர் என்றால் போனை நீர் புகாத பையில் போட்டுக் கொண்டுபோகலாம். போகுமுன் வானொலியில் காலநிலை அறிவிப்பைக் கேட்க எஃப்.எம். உள்ள போனாக இருப்பது நல்லது. பழைய மாதிரிகளில் காதில் மாட்டும் இயர்போன் வயரே அன்டெனா என்பதால் அதையும் பைக்குள் வைக்க வேண்டும். அதைவிட ஆழத்துக்குப் போகும் படகில், படகுகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் வீ.எச்.எஃப். வானொலிக் கருவி இருக்க வேண்டும். அதில் 16 ஆம் அலைவரிசை உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. அந்த அழைப்பைச் சுற்றியுள்ள படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும், பட்டன் போனில் ஒருவர்தான் கேட்பார். தம்பி போகும் படகில் அந்தக் கருவி இருக்கிறதா, அதைப் பேசத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். போன் வாங்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.